நான் போகாத மூன்றாம் நம்பர் ஊர்

1. பாட்டில் மணி

நிறைந்த தண்ணீர் பாட்டில் சத்தம் போடாது. பாதி குறைந்தால் களக் களக்கென்று பேசும். முழுக்கக் காலியானால் பெல்ட் பக்கிளில் மோதி ‘டங்’ என்று மணி அடிக்கும். அன்று பிற்பகல் மூன்றரை மணிக்கு, பென்னாகரத்துக்கு மேற்கே ஒரு காட்டோரப் பாதையில், இருபத்திரண்டு அலுமினிய பாட்டில்கள் மணியடித்துக்கொண்டு போயின. சுமந்து போன இருபத்திரண்டு பேரும் பள்ளிக்கூட வாத்தியார்கள். மணியடித்தால் வீட்டுக்குப் போய்ப் பழகியவர்கள். அன்றைக்கு எங்கே போய்ச் சேருவோம், அங்கே தண்ணீர் கிடைக்குமா, படுக்கக் கூரை கிடைக்குமா என்பது ஒரே ஒரு ஆளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்த ஆள் நான். எனக்கும் தெரியாது. எனக்குத் தெரியாது என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

இப்போது சாரணர் இயக்கத்தில் ஸ்கவுட் மாஸ்டர் பயிற்சிக்கு வருகிற இளம் ஆசிரியர்கள், “ரூட் சார்ட் எப்படிப் போடறதுங்க சார்?” என்று என்னிடம் வந்து கேட்கிறார்கள். இதைக் கேட்க என்னைவிடத் தகுதியான ஆள் மாவட்டத்தில் கிடையாது. செய்யக்கூடாததை எல்லாம் ஒரே ஹைக்கில் செய்து முடித்தவன் நான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிச் சொல்லி என் மானம் தவணை முறையில் போவதைவிட, மொத்தமாக எழுதிக் கொடுத்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

2. சார்ட் போட்ட விதம்

அறுபதுகளின் கடைசி. பாலக்கோட்டுப் பக்கம் ஒரு பஞ்சாயத்து யூனியன் பள்ளியில் நான் ஆசிரியர். எங்கள் ஸ்கவுட் மாஸ்டர் பயிற்சியின் கடைசிக் கட்டம் நான்கு நாள் ஹைக், அதாவது நடைப்பயணம். பாலக்கோட்டில் கிளம்பிக் காட்டோரமாகச் சுற்றி ஏரியூரில் முடிக்க வேண்டும். ஏறக்குறைய நாற்பது மைல், மூன்று இரவு. பயிற்சிக்குத் தலைவர் சுப்பராயன் சார், ஒரு உயர்நிலைப் பள்ளியின் தலைமை ஆசிரியர். ஐம்பத்தைந்து வயதிருக்கும். அதிகம் பேசமாட்டார். அவருக்குப் பதிலாக அவர் விசில் பேசும். ஒரு விசிலுக்கு நிற்க வேண்டும், இரண்டு விசிலுக்கு நடக்க வேண்டும், நீண்ட விசிலுக்கு இரண்டு மடக்குத் தண்ணீர். அந்த விசில் இல்லாமல் பாட்டில் மூடியைத் திறந்தால் அவர் பார்க்கிற பார்வையிலேயே தாகம் தீர்ந்துவிடும்.

முன்னால் போய்ப் பாதை பார்த்து வந்து சார்ட் போடுகிற வேலையை என்னிடம் கொடுத்தார். வகுப்பில் நான் அடித்த கேலிகளுக்குத் தண்டனையாகத்தான் கொடுத்தார் என்று நெசவு வாத்தியார் முனிரத்தினம் சொன்னான். அவன் என் பழைய கூட்டாளி. இருக்கலாம்.

சார்ட்டில் ஐந்து கட்டம். நாள், மைல், தண்ணீர், தங்குமிடம், சரிபார்த்தவர் கையொப்பம். முதல் இரண்டு ஊர்களுக்குச் சைக்கிளில் போனேன். முதல் ஊரில் பள்ளிக்கூடம், வாசலில் அடிபம்பு. அடித்துக் குடித்துப் பார்த்தேன். இரண்டாவது எங்கள் வேதக்காரர்கள், அதாவது கத்தோலிக்கக் கிறிஸ்தவர்கள், ஊர். கோயிலை ஒட்டிய கொட்டகையில் படுத்துக்கொள்ளலாம் என்று பங்குச் சாமியார் வாயாலேயே சொன்னார். இரண்டு வரியிலும் கையெழுத்துப் போட்டேன். அதுவரை நான் நேர்மையானவன்.

மூன்றாவது ஊருக்கு மணல் புதைகிற வண்டித்தடம், சைக்கிள் போகாது. அடுத்த நாள் காலையில் இரண்டாவது ஊரிலிருந்து நடந்தே கிளம்பினேன். இரண்டு மைல் போனதும் பாதை நடுவே யானை லத்தி. பெரிய கூடை கவிழ்த்த அளவு. ஆவி பறந்ததா என்று கேட்காதீர்கள். அதைக் கிட்டப் போய்ப் பார்க்கிற மனிதன் மூன்றாவது ஊருக்கும் போயிருப்பான். திரும்பிய இரண்டு மைலை நான் எவ்வளவு நேரத்தில் கடந்தேன் என்பதை மட்டும் எந்த லாக் புக்கிலும் எழுதவில்லை. எழுதியிருந்தால் என்னை ஓட்டப்பந்தயத்துக்கு அனுப்பியிருப்பார்கள்.

பஸ் நிற்கிற இடத்து டீக்கடையில் உட்கார்ந்து மூச்சு வாங்கியபோது ஒரு புளி வியாபாரி பக்கத்தில் இருந்தார். அந்த ஊருக்கு மாதம் இருமுறை மாட்டு வண்டி ஓட்டுகிறவர். யானை வந்தது மாசியில்தான், இப்போது பயமில்லை என்றார். எனக்குப் பயம் போகவில்லை, வெட்கம்தான் வந்தது. அதனால் திரும்ப நடப்பதற்குப் பதில் அவரைக் கேள்வி கேட்டேன். கிணறு உண்டா? கல் கட்டின கிணறு, ஆடி அமாவாசைக்கும் வற்றாது என்றார். பள்ளிக்கூடம்? ஓட்டுக் கட்டடம், ஐம்பது பேர் படுக்கலாம். நடுவழியில் தண்ணீர்? ஓடை இருக்கிறது, என் மாடுகள் அங்கேதான் குடிக்கும். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து மூன்றாவது வரியிலும், சரிபார்த்தவர் கட்டத்தில், முழங்கையை ஊன்றி அழகாகக் கையெழுத்துப் போட்டேன். மூன்று கையெழுத்தில் அதுதான் நன்றாக இருந்தது.

தேதி குறித்ததும் நான்தான். எங்கள் வீட்டுச் சுவரில் தொங்குவது கோயில் காலண்டர். தவக்காலத்தில் போனால் கறி சாப்பிட முடியாது. ஈஸ்டருக்கு முந்தின பெரிய வாரத்தில் போனால் என் மனைவி வீட்டுக்குள் விடமாட்டாள். ஈஸ்டர் முடிந்து அடுத்த ஞாயிறு, முதல் பூசை கண்டுவிட்டுக் கிளம்புவதாகக் குறித்தேன். இந்த ஊர் உலகத்தில் வேறு யாருக்கும் சாமி இருக்கிறது என்கிற யோசனையே எனக்கு வரவில்லை.

3. மாடு குடிக்கிற ஓடை

முதல் இரண்டு நாளும் பிரமாதம். அடிபம்பு அடித்தது. கொட்டகை இருந்தது, சாமியார் ஒரு குண்டான் மோர் அனுப்பினார். இரண்டாம் நாள் மாலை சுப்பராயன் சார் என்னைக் கூப்பிட்டு, “அந்தோணி, சார்ட் சரியா இருக்கு” என்றார். அவர் ஒருவரைப் பாராட்டி யாரும் கேட்டதில்லை. திட்டியிருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

மூன்றாம் நாள் செவ்வாய்க்கிழமை. விடிந்ததும் அவரிடம் போய், எல்லோருக்கும் காலில் கொப்புளம், பஸ் பாதையாகவே போய்விடலாமே என்றேன். யாருக்குக் கொப்புளம் என்று கேட்டார். ஒருவன்கூடக் கை தூக்கவில்லை. துரோகிகள். என் காலைக் காட்டினேன். அதில் கொப்புளம் இல்லை.

பதினோரு மைல். ஐந்தாவது மைலில் புளி வியாபாரியின் ஓடை வந்தது. அவர் பொய் சொல்லவில்லை, மாடு குடிக்கும். மணலில் ஒரு குழி, குழியில் முழங்கை ஆழத்துக்குக் கருந்தண்ணீர், கரை முழுக்கக் குளம்புத் தடம். கிருமியைக் கொல்லும் பொட்டாசியம் பெர்மாங்கனேட் போட்டால் தண்ணீர் நிறம் மாற வேண்டும். போட்டோம். மாறவில்லை, தண்ணீர் அதைவிடக் கருப்பாக இருந்தது. சுப்பராயன் சார் குனிந்து முகர்ந்து பார்த்தார்.

“இதக் குடிக்கக் கூடாது. அடுத்த வாட்டர் பாயின்ட் எத்தன மைல்?”

“ஆறுங்க சார்.”

“நிச்சயமா இருக்கா?”

“கல் கட்டின கிணறுங்க சார். ஆடி அமாவாசைக்கும் வத்தாது.”

நான் சொல்லவில்லை, என் வாய் சொன்னது. அவர் தலையை ஆட்டிவிட்டு நடந்தார். சித்திரை வெயில் அந்த ஆறு மைலையும் பன்னிரண்டாக்கியது. நீண்ட விசில் மூன்று முறை ஒலித்தது, அப்புறம் ஒலிக்கவில்லை. ஊதுகிறவருக்கு வாய் உலர்ந்துவிட்டது. வயதான இரண்டு மூன்று பேருக்குத் தன் பாட்டிலில் இருந்து அவர் ஊற்றிக் கொடுத்ததை நான் பின்னால் இருந்து பார்த்தேன். அவரே அந்தக் கூட்டத்தில் மூத்தவர் என்பது அவருக்கு ஞாபகம் இருந்ததாகத் தெரியவில்லை. ஒன்பதாவது மைலில் நடையில் ஒரு பக்கம் சாய்ந்தார். முனிரத்தினம் ஓடிப்போய் அவருடைய தோளில் தொங்கிய ஹேவர்சாக் பையை வாங்கிக்கொண்டான். கொடுத்தார். எப்போதும் கொடுக்கமாட்டார்.

நான் மனசுக்குள் அந்தோணியாரைக் கூப்பிட்டேன். காணாமல் போன பொருளைக் கண்டுபிடித்துத் தருகிறவர் அவர். கிணற்றைக் காணோம் என்று சொல்ல முடியாது. அதை நான் எங்கே பார்த்தேன், தொலைப்பதற்கு.

4. தோரணத்துக்கு இந்தப் பக்கம்

பதினோராவது மைல் முடிகிற இடத்தில் பம்பை மேளச் சத்தம் கேட்டது. எனக்கு உயிர் வந்தது. ஊர் இருக்கிறது, மனிதர்கள் இருக்கிறார்கள். முனிரத்தினத்துக்கு முகம் மாறியது.

“ஏம்பா அந்தோணி, இன்னிக்கு என்னா கெழம?”

“செவ்வாய்.”

“சித்திரச் செவ்வாய்” என்றான். அப்புறம் மேளச் சத்தம் வந்த திசையைக் கையால் காட்டினான்.

பாதைக்குக் குறுக்கே, இரண்டு புளியமரங்களுக்கு நடுவே, புதிதாக வேப்பிலைத் தோரணம் கட்டியிருந்தார்கள். அதற்கு அந்தப் பக்கம் ஐம்பது கஜத்தில் கிணறு. கல் கட்டிய கிணறுதான். புளி வியாபாரி சத்தியவந்தர். கிணற்றைச் சுற்றி மஞ்சள் சேலையில் பெண்கள் குடத்தோடு நின்றார்கள். அதற்கும் அப்பால் ஓட்டுக் கட்டடம். சார்ட்டில் எழுதியது அத்தனையும் கண் முன்னால் இருந்தது. தோரணத்தின் அடியில் ஏழெட்டுப் பேர் கையைக் கட்டிக்கொண்டு நின்றதுதான் சார்ட்டில் இல்லை.

“நில்லுங்க சார். எங்கீங்க போறீங்க இத்தன பேரும்?” என்றார் நடுவில் நின்ற பெரியவர். அவர்தான் ஊர்க்கவுண்டர் என்று பக்கத்தில் இருந்தவர் சொன்னார்.

சுப்பராயன் சார் விஷயத்தைச் சொன்னார். ஊர்க்கவுண்டர் பொறுமையாகக் கேட்டுவிட்டு விளக்கினார். விளக்கு வைக்கிற நேரத்தில் மாரியம்மனுக்குக் காப்புக் கட்டுகிறார்கள். காப்புக் கட்டும்போது ஊருக்குள் இருக்கிறவர்கள் எட்டாம் நாள் திருவிழா முடிகிறவரை ராத்திரி வெளியூரில் தங்கக் கூடாது. தோரணம் கட்டிவிட்டதால் உப்பு, நெருப்பு, தண்ணீர் மூன்றும் எல்லையைத் தாண்டி வெளியே போகக் கூடாது. தங்கினால் எட்டு நாள் தங்குங்கள், சோறு போடுகிறோம். இல்லாவிட்டால் பொழுது சாய்வதற்குள் எல்லையைத் தாண்டிவிடுங்கள்.

எங்களில் மூன்று பேர் எட்டு நாளுக்கும் சம்மதம் என்று மெதுவாகச் சொன்னார்கள். ஒருவர் கிடா வெட்டு எந்த நாள் என்றும் கேட்டார். சுப்பராயன் சார் திரும்பியதும் அவர்கள் குனிந்து காலில் இல்லாத கொப்புளத்தைத் தேடினார்கள்.

ஏரியூர் இன்னும் ஒரு நாள் நடை. பின்னால் போனால் பதினோரு மைல் வறண்ட காடு. யானை மாசியில்தான் வந்தது என்கிற செய்தி, பொழுது சாய்கிற நேரத்தில் எனக்கு அவ்வளவு ஆறுதலாக இல்லை. சுப்பராயன் சார் பாதையோரக் கல்லில் உட்கார்ந்தார். உட்காருகிற ஆள் அல்ல. உதடு வெள்ளையாக இருந்தது. கையை நீட்டி என்னைக் கூப்பிட்டார்.

“அந்தோணி, நீங்க வந்து பாத்தப்ப இந்த ஊர்ல யார்கிட்டப் பேசுனீங்க? அவரக் கூப்பிடுங்க. அவரு சொன்னாக் கேப்பாங்க.”

என் வாழ்க்கையில் நான் நிறையப் பேரைச் சிரிக்க வைத்திருக்கிறேன். அந்த நிமிஷத்தில் ஒரு ஜோக் கிடைக்காதா என்று தலைக்குள் துழாவினேன். ஒன்றும் அகப்படவில்லை. கூட்டத்தில் தெரிந்த முகத்தைத் தேடுவதுபோல் எட்டிப் பார்த்தேன். கையை நெற்றியில் வைத்து வேறு பார்த்தேன். ஊர்க்கவுண்டரும் திரும்பித் தன் ஆட்களைப் பார்த்தார். அப்புறம் என்னை மேலும் கீழுமாகப் பார்த்தார்.

“இவரா? இவர நாங்க பாத்ததே இல்லீங்களே.”

இருபத்தோரு பேரும் என்னைப் பார்த்தார்கள். காலி பாட்டில் ஒன்று எங்கோ ‘டங்’ என்றது. என்னுடையதுதான்.

“நான் வரலீங்க சார்” என்றேன். “ரெண்டு மைல் வந்தேன். யானை லத்தியப் பாத்துட்டுத் திரும்பிட்டேன். டீக்கடைல விசாரிச்சு எழுதுனேன்.”

முனிரத்தினம் தரையைப் பார்த்தான். சுப்பராயன் சார் என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் ஊர்க்கவுண்டர் பக்கம் திரும்பினார்.

“தப்பு எங்களுதுங்க. தங்க வேண்டாம், போயிடறோம். இவுங்களுக்குக் குடிக்க மட்டும் தண்ணி குடுங்க.”

ஊர்க்கவுண்டர் பக்கத்து ஆட்களோடு கொஞ்ச நேரம் கலந்து பேசினார். ஒருவர் முடியாது என்று தலையாட்டினார். இன்னொருவர் சுப்பராயன் சாரின் உதட்டைக் காட்டினார். கடைசியில் ஊர்க்கவுண்டர் தோரணத்தைக் கையால் உயர்த்திப் பிடித்தார்.

“வாங்க, வந்து எத்தன வேணாலும் குடிங்க. பாட்டில்ல மட்டும் ரொப்பாதீங்க. வவுத்துல போற தண்ணிய ஆத்தா கேக்கமாட்டா.”

முதல் சொம்பு சுப்பராயன் சாருக்கு. அவர் அதை வாங்கி, வரிசையில் மூத்த வாத்தியாரிடம் கொடுக்கப் போனார். முனிரத்தினம் சொம்பைப் பிடித்து அவர் வாய்க்கே திருப்பினான். “விசில் அடிச்சாச்சுங்க சார், குடிங்க” என்றான். அவர் குடித்து முடிக்கிறவரை அந்தச் சொம்பின் அடியையே பார்த்துக்கொண்டு நின்றேன். குடித்தார். இன்னொன்று கேட்டார். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

மஞ்சள் சேலைப் பெண்கள் சேந்திச் சேந்தி ஊற்றினார்கள். குடிக்கக் குடிக்க, இன்னும் குடி என்றார்கள். அடுத்த தண்ணீர் எங்கே என்று தெரியாததால் ஒட்டகம் மாதிரி குடித்தோம். திரும்பத் தோரணத்தைத் தாண்டும்போது பாட்டில்களைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினோம்.

5. கைநாட்டு

ஊரைச் சுற்றிக்கொண்டு போனால் எல்லைக்கல் ஒன்றரை மைல். அதற்கு அந்தண்டை வேறு ஊர் எல்லை, அங்கே கெம்பம்மா கொட்டாய் இருக்கிறது, கேட்டுப் பாருங்கள் என்று ஊர்க்கவுண்டர் சொல்லியிருந்தார். நிலத்திலேயே வீடு கட்டிக் குடியிருக்கிற இடத்தை எங்கள் பக்கம் கொட்டாய் என்போம். இந்த முறை பாட்டில்கள் மணியடித்தன, வயிறுகள் களக் களக்கென்று பேசின. யாரும் என்னிடம் பேசவில்லை.

கொட்டாய்க்கு நூறு கஜம் இருக்கும்போது சுப்பராயன் சார் எல்லோரையும் நிறுத்தினார். “அந்தோணி மட்டும் போங்க. கேட்டுட்டு வாங்க” என்றார்.

நாய் குரைத்தது. யானைக்குப் பயந்தவன் நாய்க்குப் பயப்பட நேரமில்லாமல் போனேன். கெம்பம்மா ஐம்பது வயதுக்காரர், களத்தில் வேர்க்கடலைக் கொடியை வாரிக் கட்டிக்கொண்டிருந்தார். வீட்டில் கன்னடம் பேசுகிறவர்கள். என் முகத்தைப் பார்த்ததும் முதல் கேள்வி, “நீரு பேக்கா?” தண்ணீர் வேண்டுமா என்கிறார். அந்தச் சாயங்காலம் கேட்காமலே கொடுக்க வந்த முதல் ஆள் அவர்தான்.

நான் உடனே சரி என்று சொல்லவில்லை. சூடுபட்டவன். கும்பிட்டுவிட்டு ஒவ்வொன்றாகக் கேட்டேன். அம்மா, கிணத்துல தண்ணி இருக்குதா? இருபத்திரண்டு பேருக்குத் தருவீங்களா? காலையில பாட்டில்ல ரொப்பிக்கிட்டுப் போகலாமா? மாட்டுக் கொட்டகைல படுத்துக்கலாமா? கடைசியாக, உங்க ஊர்ல காப்பு என்னைக்கு?

எல்லாவற்றுக்கும் தலையாட்டியவர், கடைசிக் கேள்விக்குக் கொடியைக் கீழே போட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

“காப்பு வர்ற செவ்வா. அதுக்குள்ளாறப் போயிருவீங்க இல்ல?”

அது நானே நேரில் கேட்டு வாங்கிய பதில். என் காதுக்கு அந்தச் சந்தேகம் நிறைந்த கேள்வி பூசை மணி மாதிரி இருந்தது. திரும்பி ஓடிப் போய்ச் சொன்னேன். ஓடினேன் என்பதை முனிரத்தினம் எல்லோருக்கும் சுட்டிக்காட்டினான். “யானை இல்லாமலே ஓடறான் பாருங்க” என்றான். அன்றைக்கு அதுதான் முதல் சிரிப்பு. சுப்பராயன் சார் சிரிக்கவில்லை. ஆனால் இரண்டு விசில் அடித்தார். சத்தம் நன்றாகவே வந்தது.

இருட்டுவதற்குள் மாடு கட்டி நீர் இறைக்கிற கவலைக் கிணற்றில் கைகால் கழுவி, கெம்பம்மா கிளறிக் கொடுத்த களியும் எங்கள் பருப்பும் சாப்பிட்டு முடித்தோம். சுப்பராயன் சார் சார்ட்டை எடுத்துக் கொண்டுவரச் சொன்னார். பயிற்சியில் இருந்து என் பெயரை அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். பேனாவை என்னிடம் நீட்டினார்.

“மூணாவது வரியில உங்க கையெழுத்த நீங்களே அடிங்க.”

அடித்தேன். நேர்க்கோடு வரவில்லை.

“அந்த அம்மாகிட்டக் கையெழுத்து வாங்குங்க. சரிபார்த்தவரு அவுங்கதான்.”

கெம்பம்மாவுக்கு எழுதத் தெரியாது. பேனா மையைப் பெருவிரலில் தடவப் போனபோது கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். “எதுக்கு சாமி ரேகை? நெலத்துக்கா?” என்றார். குரல் மாறியிருந்தது. வாசலில் வந்து ரேகை கேட்கிறவர்களை அவர் முன்பே பார்த்திருப்பார் போல. நிலத்துக்கு இல்லை, உங்ககிட்டத் தண்ணி இருக்குது, கேட்டவங்களுக்குக் குடுத்தீங்க, அதுக்கு என்று சுப்பராயன் சாரே எழுந்து வந்து, சார்ட்டை முழுக்கப் படித்துக் காட்டினார். கெம்பம்மா அதை நம்புவதற்கு நேரமாயிற்று. “இதுக்கெல்லாமா ரேகை வெப்பாங்க” என்று சொல்லிக்கொண்டே, நான் அடித்த கையெழுத்துக்குப் பக்கத்தில் விரலை அழுத்தினார்.

6. ஆறாவது கட்டம்

அடுத்த நாள் ஏரியூரில் ஹைக்கை முடித்து, தர்மபுரி ஸ்கவுட் ஆபீசில் சார்ட்டைக் கொடுத்தபோது, ரேகை வைத்த ஆபீசர் யார், என்ன பதவி என்று எழுத்தர் கேட்டார். “கிணத்துக்காரம்மா” என்றார் சுப்பராயன் சார். எழுத்தர் அப்படியே பதிந்துகொண்டார்.

எனக்கு அந்த வருஷம் சான்றிதழ் வரவில்லை. சுப்பராயன் சார் காரணம் சொல்லவில்லை, நான் கேட்கவும் இல்லை. அடுத்த வருஷம் தை மாதம் அந்தப் பதினோரு மைலையும் தனியாக நடந்தேன். வழியில் லத்தி இருந்தது. கும்பிட்டுவிட்டுச் சுற்றிக்கொண்டு போனேன். தோரணம் இல்லாத நாளில் ஊர்க்கவுண்டர் வீட்டில் உட்கார்ந்து, சித்திரையில் எந்தச் செவ்வாய் என்று கேட்டு எழுதிக்கொண்டேன். அப்புறம்தான் சான்றிதழ் வந்தது.

அதற்குப் பிறகு நான் போட்ட எல்லா ரூட் சார்ட்டிலும் ஆறு கட்டம். ஆறாவது கட்டத்தின் தலைப்பு ‘யாரிடம் கேட்டது’. மேப்பில் கிணறு தெரியும், பள்ளிக்கூடம் தெரியும். தண்ணீர் இருக்கிறதா என்று டீக்கடையில்கூடக் கேட்டுவிடலாம். கொடுப்பீர்களா, அன்றைக்குக் கொடுப்பீர்களா என்பதை, கிணற்றுக் கயிற்றைப் பிடிக்கிற கையிடம் நேரில் போய்த்தான் கேட்க வேண்டும். அந்தக் கட்டத்தில் ஒரு ஆளின் பெயர் விழாதவரை அந்த வரியில் கையெழுத்துப் போடாதீர்கள். பயமாக இருந்தால், பயந்து திரும்பிவிட்டேன் என்று எழுதுங்கள். அதற்குச் சார்ட்டில் நிறைய இடம் இருக்கிறது. நான் அளந்து பார்த்திருக்கிறேன்.